மூன்றாவது அடியை எங்கே வைப்பது?

தேய்பிறை அஷ்டமி வந்துவிட்டால் தாடிக்கொம்பு களைகட்டிவிடும். திண்டுக்கல்லில் இருந்து கரூர் செல்லும் சாலையில், பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள், குடகனாற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். இங்கு கோயில் கொண்டிருப்பவர் அருள்மிகு சௌந்தரராஜப் பெருமாள். 'பெருமாள் கோயிலில் பைரவரா?' என்று முதன்முறை வருபவர்கள் வியந்துபோவார்கள். ஆம்... சொர்ண ஆகர்ஷண பைரவர் இங்கே சன்னதி கொண்டு அருள்பாலிக்கிறார். கடன் தீர வேண்டும், கையில் காசு தங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் தேய்பிறை அஷ்டமி தோறும் இங்கே திரள்கிறார்கள்.

அந்த வரிசையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மாலை கட்டும் பெண்மணி, பூட்டுப் பட்டறைத் தொழிலாளி, சின்னாளபட்டி நெசவாளி, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் இரவுப் பணி முடித்து வந்தவர்... இவர்களோடு சென்னையில் இருந்தும் பெங்களூருவில் இருந்தும் காரில் வந்து இறங்கியவர்களும் நிற்கிறார்கள். மாதம் ஒரு லட்சம், இரண்டு லட்சம், கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் மூன்று லட்சம்கூட வாங்குபவர்கள். வேண்டுதல் என்னவோ ஒன்றுதான். 'சாமி, பத்தலை. மாசக் கடைசியில மூச்சு முட்டுது!'

நூறு நாள் வேலைக்குப் போகிறவர் 'பற்றவில்லை' என்றால் நமக்குப் புரிகிறது. லட்சங்களில் சம்பாதிப்பவர் அப்படிச் சொன்னால்? 'இவருக்கு என்ன குறை! சும்மா சொல்கிறார்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அது சரிதானா? அவர் சொல்வது பொய்யா, மெய்யா? மெய் என்றால், அந்தக் குறையைத் தீர்க்கும்படி தெய்வத்திடம் எதைக் கேட்பது?

ஆறாயிரமும் அறுபது லட்சமும்

அந்த வரிசையில் காதில் விழுந்த உரையாடல் இது. முன்னால் ஒரு பாட்டி. பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர்.

"என்ன பாட்டி, உங்களுக்கும் கடனா?"

"ஆமா தம்பி. பூக்கட்டுறவளுக்கு வேறென்ன இருக்கப் போகுது? மருமகன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்குனது. ஆறாயிரம் பாக்கி நிக்குது. வட்டிக்காரன் வாரா வாரம் வாசல்ல வந்து உக்காந்துக்கிறான். அது அடைஞ்சாப் போதும் சாமி. ஒனக்கு எம்புட்டுப்பா?"

"அறுபது லட்சம் பாட்டி."

பாட்டி ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆத்தாடி... அம்புட்டையும் யாரு குடுத்தா?"

"பேங்க்ல பாட்டி. வீட்டுக் கடன், கார்க் கடன்..."

"என்னைய நம்பி ஆறாயிரத்துக்கு மேல எவனும் தர மாட்டேங்கிறான். ஒன்னைய நம்பி அறுபது லட்சம் குடுத்திருக்கான்னா, நீ பெரிய ஆளுதாம்ப்பா!"

பாட்டி கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வியந்துதான் சொன்னார். ஆனால், எந்தப் பொருளாதார நிபுணரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். ஏழைக்குக் கடன் வருவது இல்லாமையால். வசதி உள்ளவருக்குக் கடன் கிடைப்பதோ, அவரிடம் இருப்பதால்! 'இவர் இன்னும் இருபது வருடம் சம்பாதிப்பார்' என்ற நம்பிக்கையில்தான் வங்கி பணம் தருகிறது. அதாவது, அவர் இன்னும் வாழாத இருபது வருடங்களை இன்றைக்கே அடமானம் வைத்துக்கொள்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 50 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். வட்டி எட்டரை சதவிகிதம். 20 வருடத் தவணை. மாதம் கட்ட வேண்டியது ஏறத்தாழ 43,400 ரூபாய். வருடங்கள் முடியும்போது மொத்தமாகக் கட்டியிருப்பது 1 கோடியே 4 லட்சத்தைத் தாண்டும். அசலைவிட வட்டி அதிகம்.

இப்போது மாதம் மூன்று லட்சம் வாங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகத்தான். 80 லட்சம் வீட்டுக் கடனுக்கு 70 ஆயிரம். காருக்கு 22 ஆயிரம். ஊருக்கு வெளியே வாங்கிப்போட்ட மனையின் கடனுக்கு 35 ஆயிரம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 30 ஆயிரம். சீட்டு 25 ஆயிரம். காப்பீடு 12 ஆயிரம். போன மாதம் கிரெடிட் கார்டில் தேய்த்தது 30 ஆயிரம். ஆக, சம்பளம் வருவதற்கு முன்பே 2 லட்சத்து 24 ஆயிரத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். மளிகை, மின்சாரம், வேலைக்காரம்மா, அடுக்குமாடி பராமரிப்பு என்று 50 ஆயிரம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 10 ஆயிரம். மிச்சம் 16 ஆயிரம். நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு காய்ச்சலும் வந்தால் அதுவும் போயிற்று.

இந்த வீட்டுத் தலைவர் 'பற்றவில்லை' என்று சொன்னால், அது பொய் இல்லை. அவர் மூச்சு முட்டுவது மெய்தான். அவருக்கு இரவில் தூக்கம் வராததும் மெய்தான். 'வேலை போய்விட்டால்?' என்ற பயம் மற்றவர்களைவிட அவருக்கே அதிகம். இவர்களிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. தம்பி தங்கைகளைக் கரையேற்றிய மூத்த பிள்ளை உண்டு. அப்பாவின் சிகிச்சைக்காகச் சேமிப்பை எல்லாம் கரைத்தவர் உண்டு. அவர்களுடைய கடனை ஆடம்பரம் என்று சொன்னால் நாக்கு கூசும்.

ஆனால், பாட்டியின் ஆறாயிரமும் அவருடைய அறுபது லட்சமும் ஒன்றல்ல. பாட்டியின் பற்றாக்குறை அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. மற்றவருடையதில் பெரும்பகுதி, அவரே ஒவ்வொரு கையெழுத்தாகப் போட்டு அழைத்து வந்தது.

மயிலிறகின் பாரம்

வள்ளுவப் பெருந்தகை வரவு செலவைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். எந்த இடத்தில் பேசியிருக்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறோமா? 48-வது அதிகாரம், வலியறிதல். போருக்குப் புறப்படும் மன்னன் தன் வலிமையையும் பகைவனின் வலிமையையும் எடைபோட வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அது. அங்கேதான், வருமானம் வரும் வழி சிறியதாக இருந்தாலும் கேடில்லை, செலவு போகும் வழி அகன்றுவிடக் கூடாது என்ற கருத்தைச் சொல்கிறார். குடும்பக் கணக்கும் ஒரு போர்க்களம்தான் என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது!

அதே அதிகாரத்தில்தான் மயிலிறகும் வருகிறது. இறகு மெல்லியது. ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்கிறார். இந்தக் காலத்து மாதத் தவணைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. 'மாசம் ரெண்டாயிரம்தானே', 'மூவாயிரம்தானே' என்று ஒவ்வொன்றும் இறகு போலத்தான் வந்து ஏறுகிறது. எந்த இறகால் அச்சு முறிந்தது என்று பிறகு தேடினால் கிடைக்காது.

சி. நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1960-ல் வெளியிட்ட நூலில் இதே விஷயத்தை ஒரு விதியாகவே எழுதினார். வருமானம் எவ்வளவு மேலே போனாலும் செலவும் ஏறிவந்து அதைத் தொட்டுவிடும் என்பதே அவர் சொன்னதன் சாரம். ஆக, இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை.

நம் திரையுலகிலும் ஓர் உதாரணம் உண்டு. நகைச்சுவை நடிகர் சந்திரபாபு புகழின் உச்சியில் இருந்தபோது, கார் மாடி வரை ஏறிச் செல்லும்படி ஒரு வீட்டைத் திட்டமிட்டுக் கட்டினார். சொந்தமாக ஒரு படமும் எடுக்கத் தொடங்கினார். படம் பாதியில் நின்றது. வீடும் கைவிட்டுப் போனது. 1974-ல் தன் 46-வது வயதில் மறைந்தார். அவர் எடுக்க நினைத்த அந்தப் படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'மாடி வீட்டு ஏழை!'

உலகளந்தவர் கேட்டது மூன்றடி

தாடிக்கொம்பு கோயிலுக்கு வருபவர்கள் பைரவரை மட்டும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. அங்குள்ள சிற்ப மண்டபத்தின் தூண்களை நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தூணிலும் ஆளுயரத்துக்கும் மேலான சிற்பங்கள். அவற்றுள் ஒருவர், ஒரு திருவடியை உயரத் தூக்கி நிற்கும் உலகளந்த பெருமாள். நாம் தேடி வந்த கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறது.

மகாபலிச் சக்கரவர்த்தியின் வேள்விச்சாலைக்கு வாமனனாக வந்த பெருமாள் கேட்டது மூன்றடி மண். இந்தக் கதை நமக்குத் தெரியும். ஆனால், அப்போது இருவருக்கும் நடந்த பேச்சை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாவது ஸ்கந்தத்தில் அது வருகிறது.

மகாபலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'மூவுலகுக்கும் அதிபதியான என்னிடம் வந்து மூன்றடி கேட்கிறாயே, குழந்தாய்! ஒரு தீவையே கேள், தருகிறேன்' என்றான். அதற்கு வாமனர் சொன்ன பதிலின் கருத்து இதுதான்: மூன்றடியில் நிறைவு காணாதவனுக்கு ஒரு தீவே கிடைத்தாலும் நிறைவு வராது, ஒன்று கிடைத்ததும் ஏழு தீவுகளையும் கேட்பான்.

சம்பள உயர்வு வந்ததும் வீட்டை மாற்றுகிறோம். வீட்டை மாற்றியதும் காரை மாற்றுகிறோம். தெருவுக்கு ஏற்ற கார், காருக்கு ஏற்ற பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற பிறந்தநாள் விழா... ஒரு தீவு கிடைத்ததும் ஏழு தீவுகள்!

அந்த மூன்று அடிகளையும் நம் வீட்டுக் கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம். இது புராண விளக்கம் அல்ல, நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஓர் அளவுகோல்தான். முதல் அடி, தேவை. சோறு, துணி, கூரை, படிப்பு, மருந்து. இரண்டாவது அடி, வசதி. வெயிலுக்கு ஒரு ஏ.சி., அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு கார். இவ்விரண்டிலும் தவறில்லை. உழைத்தவர் அனுபவிக்கத்தான் வேண்டும். மூன்றாவது அடி, பிறர் கண்ணுக்காக வைப்பது. 'அவங்க வீட்டு விசேஷத்தைவிட நம்ம வீட்டு விசேஷம் குறைஞ்சிடக் கூடாது' என்பது. இந்த அடிக்குத்தான் எல்லை இல்லை. பிறர் கண் எத்தனை உண்டோ, அத்தனை தூரம் அது நீளும்.

மண்ணையும் விண்ணையும் இரண்டு அடிகளில் அளந்த பெருமாள், மூன்றாவது அடியை வைக்க இடமின்றி மகாபலியின் தலையில் வைத்தார். நமக்கும் மூன்றாவது அடி கடைசியில் தலையில்தான் வந்து விழுகிறது. வித்தியாசம் ஒன்றுதான். மகாபலி கொடுத்தவன். அதனால் அவன் தலைமேல் வந்தது திருவடி. நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதனால் நம் தலைமேல் வருவது கடன்.

முதலில் வெட்டுப்படுவது எது?

'என் பணம், என் கடன், என் தூக்கம். இதில் அடுத்தவருக்கு என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யார் வீட்டுக் கணக்கையும் எட்டிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. ஆனால், மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அதில் இல்லாத வரி எது?

தர்மம்!

அந்தக் குடும்பத்தினர் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். 'இந்த வீட்டுக் கடன் முடியட்டும், அப்புறம் கட்டாயம் செய்யணும்' என்றுதான் நினைக்கிறார்கள். நெருக்கடி வரும்போது வங்கித் தவணையில் கை வைக்க முடியாது, வைத்தால் அபராதம். பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியவை என்று மிஞ்சுபவை எவை? வேலைக்காரம்மாவின் தீபாவளி போனஸ். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் தொகை. ஏழை மாணவனுக்குக் கட்டுவதாகச் சொன்ன பீஸ். கேட்டு வாங்கத் தெரியாதவர்களின் பங்குதான் முதலில் வெட்டுப்படுகிறது.

தன்னை ஏழை என்று நினைத்துக்கொள்பவர், கொடுக்கும் கடமை தனக்கு இல்லை என்றும் நினைத்துவிடுகிறார். ஆறாயிரம் கடன் உள்ள பாட்டியின் கண்ணுக்குப் 'பெரிய ஆளாக' தெரிபவர், தன் கண்ணுக்கு இல்லாதவராகத் தெரிகிறார். உயர்ந்த வருமானத்தில் வரும் நெருக்கடியின் உண்மையான ஆபத்து இதுதான். பணத்தோடு சேர்த்து, பாட்டியைப் பார்க்கும் கண்ணையும் அது எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இதற்கும் மகாபலியின் வேள்விச்சாலையிலேயே விடை உண்டு. வந்தவர் யார் என்று புரிந்துகொண்ட குரு சுக்ராச்சாரியார், தானம் கொடுக்காதே என்று தடுத்தார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு எப்படி வாழ்வாய் என்று கேட்டு, பொருளை ஐந்து பங்காகப் பிரித்துக்கொள்பவனே இன்புறுவான் என்று உபதேசித்தார். அறத்துக்கு ஒன்று, புகழுக்கு ஒன்று, பொருளைப் பெருக்க ஒன்று, தன் சுகத்துக்கு ஒன்று, சுற்றத்தாருக்கு ஒன்று.

தானத்தைத் தடுக்க வந்த குருவே, பங்கு பிரிக்கும்போது அறத்தைத்தான் முதலில் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். சுகத்துக்கும் அவர் பங்கு வைத்தார், மறுக்கவில்லை. மற்ற நான்கு பங்குகளையும் ஒரே பங்கு விழுங்கிவிடக் கூடாது என்பதே அவர் காட்டும் வழி.

கணக்குக் கேட்கும் பெருமாள்

கடன் வாங்குவதே பாவம் என்று நம் சமயம் சொல்லவில்லை. பத்மாவதித் தாயாரை மணக்கத் திருமலை ஸ்ரீநிவாசனே குபேரனிடம் கடன் வாங்கினார் என்கிறது புராணம். அந்த வட்டியைத்தான் உண்டியல் காணிக்கையால் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

அந்தக் கடனாளிப் பெருமாள் தினமும் காலையில் என்ன செய்கிறார் தெரியுமா? திருமலையில் 'கொலுவு' என்று ஒரு தினசரி வைபவம் உண்டு. கொலுவு ஸ்ரீநிவாசரை ஆசனத்தில் எழுந்தருளச் செய்து, அன்றைய பஞ்சாங்கம் வாசிப்பார்கள். அதோடு, முந்தைய நாள் உண்டியலில் சேர்ந்தது எவ்வளவு என்ற விவரத்தையும் அவர் முன் படிப்பார்கள். கணக்குக் கேட்கும் அந்த நேரத்திலேயே அரிசி தானமும் நடக்கும். உலகத்துக்கே படியளப்பவர், தன் வரவுக் கணக்கைத் தினமும் காது கொடுத்துக் கேட்கிறார். நாமோ வங்கியில் இருந்து வரும் குறுஞ்செய்தியைத் திறந்து பார்க்கவே பயப்படுகிறோம்!

வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அந்த வாரக் கணக்கைப் படித்துப் பாருங்கள். சண்டை வேண்டாம், குற்றம் சொல்லவும் வேண்டாம். படித்தால் போதும். ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்விதான். 'இது எத்தனையாவது அடி?'

கூடவே ஒரு சிறு தானம். காஞ்சி மகா பெரியவர் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டம் நினைவிருக்கிறதா? சமைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது. சமைத்துச் சாப்பிட்டு மீந்ததைக் கொடுப்பது அல்ல, உலை வைப்பதற்கு முன்பே எடுத்து வைப்பது! அந்தச் சூட்சுமத்தைச் சம்பளத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். சம்பளம் வந்த அன்றே நூற்றில் ஒன்று அறத்துக்கு. மூன்று லட்சத்தில் மூவாயிரம். தவணைகளுக்குப் பழகிய நமக்கு இது ஒரு சின்னத் தவணை, அவ்வளவுதான். 'என்னிடம் கொடுக்க இருக்கிறது' என்று ஒருமுறை கை உணர்ந்துவிட்டால், 'என்னிடம் இல்லை' என்ற மனதின் புலம்பல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

பைரவரிடம் என்ன கேட்பது?

திண்டுக்கல் என்றாலே பூட்டுதான். 2019-ல் புவிசார் குறியீடும் பெற்ற பெருமை அதற்கு உண்டு. எத்தனை சாவி போட்டாலும் தனக்கு உரியதற்கு மட்டுமே திறக்கும். ஆனால், எந்தப் பூட்டும் வெளியில் இருந்து வருபவனைத்தான் தடுக்கும். வீட்டுக்காரரே சாவியைக் கொடுத்து, 'மாதாமாதம் ஐந்தாம் தேதி வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டால், பாவம் அந்தப் பூட்டு என்ன செய்யும்?

சிவாலயங்களில் இரவு நடை சாத்திய பிறகு சாவியைக் கொண்டுபோய் பைரவர் சன்னதியில் வைப்பது மரபு. அவர் க்ஷேத்திரபாலர். காவல் தெய்வம். 'ஆகர்ஷணம்' என்றால் ஈர்ப்பது என்று பொருள். பொன்னை ஈர்த்துத் தருபவர் என்பதால் சொர்ண ஆகர்ஷண பைரவர். நாம் அந்தப் பெயரின் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, 'இன்னும் வரட்டும் சாமி' என்று வேண்டுகிறோம். பின்பாதியில் இருப்பவர் பைரவர், சாவியை வைத்துக் காப்பவர்!

இல்லாதவர் வரவைக் கேட்கட்டும். பாட்டியின் ஆறாயிரம் தீரட்டும். அது பைரவரின் கடமை. அவரால் மட்டும் அல்ல, நம்மாலும் தீர்க்கக்கூடியது. வரவு இருந்தும் தவிப்பவர்கள் காவலைக் கேட்க வேண்டும். 'சாமி, வருவது போதும். போகும் வாசலுக்குக் காவல் இரு. மூன்றாவது அடி எடுத்து வைக்கும்போது என் காலைப் பிடித்து நிறுத்து. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும் கண்ணை எனக்கு விட்டுவை' என்று வேண்டிக்கொள்ளலாம்.

அடுத்த தேய்பிறை அஷ்டமிக்குத் தாடிக்கொம்பு செல்லும் அன்பர்கள், பைரவரை வணங்கிவிட்டு உலகளந்த பெருமாள் தூணுக்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர் கேட்டது வெறும் மூன்றடி என்பது நினைவுக்கு வரும்.